இரண்டு தட்டு

பட்டி படாத மூடி என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் கார்மேகம் விரலை மடக்கித் தட்டியபோது அந்த டிக்கி மூடி தகரத்தின் சத்தத்தைக் கொடுக்கவில்லை. ஈரப் பலகையைத் தட்டியதுபோல் தொப்பென்றது. நல்ல தகடு கணீரென்று பேசும். பள்ளத்தை மறைக்கும் பட்டிப் பசையை மேலே அப்பியிருந்தால்தான் இப்படி வாயடைத்துப்போகும். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை தட்டிக்கொண்டே போனான். எங்கு தட்டினாலும் தொப், தொப். கட்டைவிரல் கனத்துக்கு எவனோ பூசிவிட்டுப் போயிருக்கிறான்.

"பட்டியே படலையாம்ல. வாயத் தொறந்தா பொய்யி" என்று முணுமுணுத்தான்.

சார்ஜாவில் ஒரு பழைய வில்லா. அதன் பின்புறம் தகரக் கூரை போட்ட ஷெட்டில் அந்த வண்டி நின்றது. அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்க வண்டி. இரண்டே கதவு, ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கலாம் போன்ற பானெட். ஒரு காலத்தில் ரோட்டையே அதிர வைத்திருக்கும். இப்போது எஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை, மரக்கட்டைகளின் மேல் துருவேறிய வெறும் பாடி. பாலைவனத்தில் ஏதோ ஒரு யார்டில் ஆறு வருடம் கிடந்ததை முதலாளி சோலையப்பன் வீட்டுக்கே இழுத்துவந்திருந்தார். குளிர்காலத்தில் பழைய கார்களின் கண்காட்சிக்கு அதை ஓட்டிப்போக வேண்டுமாம். அவருடைய கார் பட்டறையிலேயே கைதேர்ந்த டிங்கர் கார்மேகம்தான் என்பதால் அவனைக் கொண்டுவந்து இங்கே விட்டார்.

"கதவச் சரி பண்ணு. தரைய வெட்டிப் புதுத் தகடு ஒட்டு. டிக்கி மூடிய மட்டும் தொடாத, அது நல்லாருக்கு. லேசா உப்புத்தாள் போட்டு பெயின்ட் அடிச்சாப் போதும்" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாத மனுஷன் மூன்று தடவை சொன்னதுதான் கார்மேகத்துக்கு உறுத்தியது.

மணி பன்னிரண்டே முக்கால். ஆகஸ்ட் மாதத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். தெருவில் ஈ காக்கை இல்லை. மதில்களுக்கு அப்பால் ஏசி மெஷின்களின் உறுமல் மட்டும் ஒரே சுருதியில் கேட்டது. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் விரிந்து நெளிந்து அவ்வப்போது டங்கென்று சொடுக்கியது. முதலாளிக்குச் சட்டம் பட்டறை வாசலோடு சரி. அவர் வீட்டில் இந்த நேரமும் டியூட்டிதான்.

கார்மேகத்துக்குக் கோபம் வந்தது. ஆறு வருடமாக அவன் கோபத்தோடுதான் எழுந்து கோபத்தோடுதான் படுக்கிறான். அந்தக் கோபம் முழுக்க அவன் தம்பி அருள்முருகன் மேல்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சோலையப்பன்தான் விசா எடுத்துக் கூட்டிவந்தார். தகட்டில் விழுந்த ஒடுக்கை நிமிர்த்தி எடுப்பது இரண்டு ஆள் வேலை. தகட்டுக்கு வெளியே ஒருத்தன் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருத்தன் டாலி என்கிற இரும்புக் கட்டியை அண்டக்கொடுக்க வேண்டும். ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. கிரைண்டர் சத்தத்தில் குரலும் கேட்காது. அதனால் உள்ளே இருக்கும் அருள்முருகன் டாலியால் தகட்டைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் போதும், நிறுத்து. இரண்டு தட்டு என்றால் இன்னும் அடி.

ஆறு வருடத்துக்கு முன் இதுபோல ஓர் ஆகஸ்டில்தான் அவன் காணாமல்போனான். கார்மேகம் அன்றைக்குக் காய்ச்சலோடு ரோலா பகுதியில் இருந்த ரூமில் படுத்திருந்தான். சாயங்காலம் முதலாளி வந்து, "உன் தம்பி ஓடிட்டான். எவளோ ஒருத்தியோட பழக்கமாம், உனக்குத் தெரியாதா?" என்றார். மறுநாளே ஓடிப்போனவன் என்று புகாரும் கொடுத்துவிட்டார். ஊரில் தம்பி பெண்டாட்டி ஜோதிமணியை ஓடிப்போனவன் பொண்டாட்டி என்றே எல்லோரும் கூப்பிடப் பழகிவிட்டார்கள். கார்மேகமும் நம்பினான். "அவன் செத்தான்னு தலை முழுகிட்டு உன் பொழப்பப் பாரு தாயி" என்று போனில் சொன்னான். அவள் அழவில்லை. "அவுக டாலி அங்க இருக்கா மாமா? ஓடுறவுக துணிமணிய விட்டுட்டு அத மட்டுமா எடுத்துட்டு ஓடுவாக?" என்று கேட்டாள். இவன் எரிச்சலில் போனை வைத்துவிட்டான். டாலி அங்கே இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மூடியைத் தொடாதே என்றால் தொட்டே தீருவது என்று கிரைண்டரை எடுத்தான். இளஞ்சிவப்புத் தூள் புகையாக எழும்பி மூக்கிலும் கண்ணிமையிலும் அப்பியது. வேர்வை வழிந்து கன்னத்தில் சேறானது. கால் மணி நேரத்தில் பாதி மூடி வெறும் தகடாகிவிட்டது. கிரைண்டரை அணைத்துவிட்டுத் தூளை உள்ளங்கையால் துடைத்தான்.

கை நின்றது.

விபத்தில் பட்ட அடியென்றால் தகடு உள்ளே குழியும். இது வெளியே புடைத்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல, நாற்பது ஐம்பது இருக்கும். பூட்டைச் சுற்றி நெருக்கமாக, ஓரங்களில் தாறுமாறாக, எல்லாமே வெளியே பார்த்த புடைப்புகள். சாமான் ஏற்றியபோது இடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். சாமான் இத்தனை தடவை, இத்தனை ஆத்திரமாக இடிக்குமா என்றும் நினைத்தான்.

சரி, முதலில் ஒன்றைத் தட்டி அமுக்கிப் பார்ப்போம் என்று சுத்தியலை எடுத்தான். மூடி பூட்டியிருந்தது. பின்னால் அண்டக்கொடுக்க யாருமில்லாத தகடு அடித்தால் தொளதொளவென்று உள்ளே போக வேண்டும்.

போகவில்லை.

சுத்தியல் கெட்டியாக விழுந்தது. டாலி மேல் விழுகிற அடி. இருபது வருடம் பழகிய கை. அதற்குப் பொய் தெரியாது. யாரோ உள்ளே சரியான இடத்தில், சரியான சாய்வில் அண்டக்கொடுக்கிறார்கள். இன்னொரு அடி அடித்தான். புடைப்பு அழகாக அமுங்கி மட்டமானது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக்.

கூரைத் தகரம்தான் என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். கூரை சும்மா இருந்தது. ஏசி மெஷின்களின் உறுமல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோலிருந்தது. கழுத்துக்குப் பின்னால் வேர்வை சில்லிட்டது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். இரண்டு தடவை பூட்டுக்குப் பக்கத்தில் குத்தி, மூன்றாவது தடவை நுழைத்துத் திருகி, மூடியைத் தூக்கினான். ஸ்பிரிங் போன மூடி. ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தான்.

உள்ளே யாருமில்லை. வெந்த ரப்பர் வாடை. துரு வாடை. அதற்கும் அடியில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனின் வேர்வை வாடை.

பின்சீட்டுப் பக்கம் முழுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தது. அந்த வழியாக எலிகூடப் போக முடியாது. குனிந்து மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒவ்வொரு புடைப்புக்கும் அடியில் ஓர் இரும்பு முனையின் அச்சு. ஒவ்வோர் அச்சிலும் ஒரு மூலை சிதைந்திருந்தது.

அருள்முருகனின் டாலிக்கு ஒரு மூலை சிதைந்திருக்கும். கல்தரையில் போட்டு உடைத்தவனே கார்மேகம்தான்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதே மத்தியான நேரம். வேலை வாங்கக் கூடாத நேரத்தில் முதலாளி கூட்டிப்போன ஏதோ ஒரு யார்டில் தம்பி ஒருத்தன் மட்டும் வேலை செய்திருக்கிறான். வாசலில் இன்ஸ்பெக்டர் வண்டி வந்திருக்கிறது. பத்து நிமிஷம் ஒளிஞ்சுக்க என்று இதற்குள் படுக்கவைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மேலே தார்ப்பாய். வந்தவருக்கு நாற்காலி, டீ, பேச்சு. அப்புறம் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, வண்டியைப் பாலைவனத்துக்கு அனுப்பியாகிவிட்டது. ஆளை எங்கே அனுப்பினார்கள்? ஆறு வருடம் இவன் யாரைத் திட்டினான்? தலை முழுகு என்று யாரைச் சொன்னான்? பயமும் இருந்தது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

சோலையப்பன் பனியனும் கைலியுமாக ஷெட் வாசலில் நின்றார். பட்டி போன மூடியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது. மதிலின் சந்து வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"முனிசிபாலிட்டிக்காரன். வீட்டுல பட்டறை வேலை நடக்குதுன்னு எவனோ போன் போட்டிருக்கான். நீ உள்ள ஏறு."

"எதுக்குள்ள முதலாளி?"

"டிக்கிக்குள்ளதான். பத்து நிமிஷம். அவன அனுப்பிட்டுத் தொறந்து விட்டுர்றேன்."

"எடம் பத்தாதே."

"பத்தும்டா. காலை மடக்கி, சீட்டுப் பக்கம் மூஞ்சிய வச்சாப் பத்தும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோலையப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மணி மறுபடி அடித்தது. "வாதாடுற நேரமா இது? இந்தா பாரு, இம்புட்டு எடம் இருக்கு" என்று எரிச்சலோடு டிக்கிக்குள் இடுப்புவரை குனிந்து, அங்கே கிடந்த பழைய கோணியை ஒதுக்கினார்.

கார்மேகம் அவரைத் தொடவில்லை. முட்டுக்கட்டையையும் தொடவில்லை. அதைப் பிற்பாடு எத்தனை தடவை வேண்டுமானாலும் அவன் சத்தியம் செய்வான். சோலையப்பன் "ஏய்" என்றார். அவர் கால்கள் தரையை விட்டு எழும்பின. கைலி நுனி ஒருமுறை பளிச்சிட்டு உள்ளே போனது. கட்டையும் கீழே விழவில்லை. அவரோடு உள்ளே போனது. மூடி இறங்கி, பூட்டு க்ளிக்கென்று மாட்டிக்கொண்டது.

வாசல் மணி மூன்றாவது தடவை அடித்தது. யாரோ கேட்டில் ஒரு தாளை ஒட்டும் சத்தம். வந்தவரின் வண்டி கிளம்பிப் போனது. தெரு மறுபடி வெறிச்சோடியது.

முதலில் கத்தல் கேட்டது. கனத்த தகட்டுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. கார்மேகத்தின் பெயர். அப்புறம் பெயரில்லாத வெறும் குரல். அப்புறம் கைமுட்டிகளின் குத்து. மூடி அவன் கண்ணெதிரே புடைக்க ஆரம்பித்தது. பட்டென்று ஒன்று. பக்கத்தில் ஒன்று. எல்லாம் மழுங்கலான, கைமுட்டியின் புடைப்புகள். அவற்றுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், இன்னொரு அச்சு எழும்பியது.

ஒரு மூலை சிதைந்த அச்சு.

கார்மேகத்தின் கையில் சாவி இருந்தது. பூட்டில் நுழைத்தான். கொலைகாரனாக ஊருக்குப் போக முடியாது. ஜோதிமணிக்கு என்ன பதில் சொல்வது? உள்ளே கிடக்கிறவர் உயிரோடு இருந்தால்தான் தம்பியை எங்கே புதைத்தார் என்றாவது சொல்வார். இவ்வளவும் அவனுக்குத் தெரிந்தது. சூடான தகட்டில் கன்னத்தை வைத்தான். சுட்டது. எடுக்கவில்லை.

"தம்பி" என்றான். ஆறு வருடமாகச் சொல்லாத சொல். "நான் உன்னயத் தப்பா நெனச்சிட்டேன்டா. போதுமா? போதும்னா ஒண்ணு தட்டு. தொறந்துர்றேன்."

முட்டிகள் ஓய்ந்தன. கத்தலும் ஓய்ந்தது. யாரோ வாயைப் பொத்தியதுபோல, சட்டென்று.

டொக்.

அவன் சாவியைத் திருகப் போனான்.

டொக்.

கார்மேகம் நிமிர்ந்தான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பட்டி டப்பாவைத் திறந்து, பலகையில் ஒரு குத்து எடுத்துவைத்து, இறுகும் மருந்தைப் பிதுக்கிக் குழைத்தான். இடது ஓரத்திலிருந்து பூச ஆரம்பித்தான். பூசிய இடம் இறுகுவதற்குள் பட்டிக் கத்திக்கு அடியில் தகடு மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அது எழும்ப எழும்ப, அவன் மறுபடி பட்டியை அள்ளிவைத்துத் தேய்த்து மட்டமாக்கினான்.