கடைசியில் வரும் ஆடுகள்

ஊரில் இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தது. அது பெகிமாயின் வீடு.

பள்ளிக்கு விடுமுறை விட்டதுமே ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. கூடாரத்தையும் கெட்டிலையும் கம்பளங்களையும் குதிரைமேல் கட்டிக்கொண்டு, ஆடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு, மலைமேல் இருக்கும் புல்வெளிக்குப் போய்விட்டார்கள். இனி பனி விழும் முன்புதான் இறங்கி வருவார்கள்.

பெகிமாயின் தோழி ஜிபெக்கும் போய்விட்டாள். "சீக்கிரம் வந்துடு, சரியா?" என்று குதிரைமேல் இருந்து கத்தினாள். பாலம் தாண்டும் வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு தெருவில் காற்று மட்டும்தான் நடமாடியது. பெகிமாய் சில நாள் பூட்டிய ஒவ்வொரு கதவின் முன்னாலும் போய், "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டிலிருந்து பூனை ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் கூப்பிட்டதும் அதுவும் உள்ளே போய்விட்டது.

ஆட்டின் கணுக்கால் எலும்புகளை வைத்து ஆடும் சூகோ விளையாட்டைத் தனியாகவே ஆடினாள். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. இடது கை அடிக்கடி ஏமாற்றியது. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

அம்மா தூர நகரத்தில் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அத்தா நல்லவர்தான். ஆனால் அவருக்கு ஆடுகளோடு பேசத் தெரிந்த அளவு மனிதர்களோடு பேசத் தெரியாது.

"அத்தா, நாம எப்போ போவோம்?"

"டாக்டர் வரட்டும்."

"எப்போ வருவாங்க?"

"வரும்போது வருவாங்க."

பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சென்ற வருஷம் யாரோ ஒருவரின் ஆட்டிலிருந்து சொறி நோய் பரவியது. புல்வெளியில் எல்லா மந்தைகளும் கலந்து மேயும் அல்லவா? கோடை முடிவதற்குள் பாதி ஆடுகளுக்குக் கம்பளியே இல்லை. அதனால் இந்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஆட்டு டாக்டர் வந்து பார்க்க வேண்டும். நோய் இல்லை என்றால், மந்தைக்கு முன்னால் நடக்கும் வெள்ளாட்டுக் கிடாவின் கொம்பில் நீலச் சாயம் பூசுவார். நீலக் கொம்பு இல்லாத மந்தை பாலத்தைத் தாண்டக் கூடாது.

பெகிமாயின் வீடு ஊரின் கடைசி வீடு. டாக்டரும் அங்கே கடைசியாகத்தான் வந்தார்.

டாக்டரின் பெயர் நூர்ஜாத். இளம் பெண். அவருடைய பழைய ஜீப் இருமிக்கொண்டே வந்து நின்றது. ஜீப்பைவிட அவர் களைத்திருந்தார்.

"டீ குடிச்சுட்டுப் பாக்கலாமே, தங்கச்சி" என்றார் அத்தா.

"பாத்துட்டுக் குடிக்கிறேன் அண்ணே. இருட்டுறதுக்குள்ள அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகணும்."

அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் நுண்ணோக்கியை வைத்தார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையச் சின்னக் கண்ணாடித் துண்டுகள்.

"எல்லா ஆட்டையும் பாப்பீங்களா அக்கா?" என்று பெகிமாய் கேட்டாள். புது மனிதரோடு பேசக் கிடைத்ததே அவளுக்குச் சந்தோஷம்.

"எல்லாத்தையும் பாத்தா நான் இங்கேயே பாட்டி ஆயிடுவேன்" என்று நூர்ஜாத் சிரித்தார். "கொஞ்சத்தைப் பாப்போம். அதை வச்சு மத்ததைத் தெரிஞ்சுக்குவோம்."

அத்தா பட்டியின் கதவைத் திறந்தார். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தன. முதலில் வந்தவற்றை அத்தா ஒவ்வொன்றாகப் பிடித்தார். நூர்ஜாத் கம்பளியை விலக்கி, தோலை இலேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார்.

"சுத்தம்." அடுத்ததும் சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம்.

"உங்க ஆடெல்லாம் ராஜா வீட்டு ஆடு மாதிரி இருக்கே அண்ணே! நீலச் சாயத்தை எடுக்கிறேன். நாளைக்கே கிளம்புங்க."

பெகிமாய் துள்ளினாள். நாளைக்கே! நாளை மாலை அவளும் ஜிபெக்கும் ஓடையில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜிபெக் வாய் ஓயாமல் பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கிடாவைப் பிடித்து வரப் பட்டிப் பக்கம் ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள்.

உள்ளே இன்னும் சில ஆடுகள் இருந்தன. பழுப்பு முகம் கொண்ட ஆடுகள். இலையுதிர் காலத்தில் அத்தா சந்தையில் வாங்கியவை. அவை மற்ற ஆடுகளோடு இன்னும் சேரவில்லை. எப்போதும் பின்சுவர் ஓரமாக ஒன்றாக நிற்கும். கடைசியில்தான் வெளியே வரும். தீனி தீர்ந்த பிறகுதான் தொட்டிக்குப் போகும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பெகிமாய்க்குப் பாவமாக இருக்கும்.

அவற்றில் ஒன்று கல்சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சொறி வந்தால் ஆடு இப்படித் தேய்க்கும். சும்மா தேய்த்ததாகவும் இருக்கலாம். ஆடு என்றால் தேய்க்கத்தானே செய்யும்?

பெகிமாய் திரும்பிப் பார்த்தாள். நூர்ஜாத் சாய டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் சொல்லாவிட்டால் நாளை ஜிபெக்கைப் பார்க்கலாம்.

ஆனால் மலைமேல் அவர்களுடைய மந்தையும் ஜிபெக்கின் மந்தையும் ஒரே பட்டியில்தான் படுக்கும். ஜிபெக்கிடம் ஒரு வெள்ளைக் குட்டி இருந்தது. அதற்குத் தினமும் சீப்பால் வாரிவிடுவாள்.

பெகிமாய் மெதுவாக நடந்து வந்தாள். நூர்ஜாத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க பாத்ததெல்லாம் முதல்ல ஓடி வந்த ஆடு."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுங்க தினமும் முதல்ல வரும். குண்டா, தெம்பா இருக்கிறதுங்க. கடைசியில வர்றதை நீங்க பாக்கவே இல்ல."

அத்தா அவளைப் பார்த்தார். நூர்ஜாத் குச்சியைக் கீழே வைத்தார்.

"கைக்குக் கிடைச்சதைப் பிடிச்சுட்டேன், இல்ல?" என்றார். "களைப்பு. சரி, வேற மாதிரி பாப்போம். எல்லாத்தையும் உள்ள விட்டு மறுபடி வெளிய விடுவோம். ஒவ்வொரு பத்தாவது ஆட்டையும் பிடிப்போம். முன்னால வந்தாலும் சரி, பின்னால வந்தாலும் சரி."

நல்ல யோசனைதான். ஆனால் அது ஆடுகளுக்குத் தெரியவில்லை. ஒன்று வந்தது, பிறகு நான்கு ஒரே தாவலில் வந்தன.

"ஏழு, எட்டு... ஏய், நில்லு! எங்க விட்டேன்?" என்று அத்தா கத்தினார்.

வெள்ளாட்டுக் கிடா வேலியைச் சுற்றிப் போய், திரும்ப உள்ளே நுழைந்து, இன்னொரு முறை வெளியே வந்தது. அதுதான் பத்தாவது.

"உன்னை முன்னாடியே பாத்தாச்சுடா!" என்று நூர்ஜாத் அதன் காதைப் பிடித்துத் தள்ளினார். அது அவருடைய தொப்பியைக் கடித்தது.

பெகிமாய் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சூகோ போட்டுப் பாக்கலாமா அக்கா?" என்று ஓர் எலும்பை எடுத்துக் காட்டினாள். "ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு தடவை போடுறேன். எலும்பு நிமிர்ந்து நின்னா அந்த ஆட்டைப் பிடிங்க. சாஞ்சு விழுந்தா விட்டுடுங்க."

"நிமிர்ந்து நிக்கிறது அபூர்வமாச்சே."

"அதான் அக்கா. கொஞ்சம் ஆடுதான் மாட்டும். எது மாட்டும்னு நமக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது."

"பலே!" என்றார் நூர்ஜாத்.

அத்தா ஒவ்வோர் ஆடாகக் கதவில் விட்டார். பெகிமாய் எலும்பைப் போட்டாள். எலும்பு யாருக்கும் சலுகை காட்டவில்லை. கிழட்டு ஆடும் மாட்டியது, குட்டியும் மாட்டியது. ஆனால் பழுப்பு முகங்கள் போனபோது எலும்பு ஒவ்வொரு முறையும் சாய்ந்தே விழுந்தது.

பிடித்த ஆடுகள் எல்லாம் சுத்தம்.

"இப்போ நியாயமா பாத்தாச்சு. போதுமா, பெரிய டாக்டரம்மா?" என்றார் நூர்ஜாத்.

போதும் என்று சொல்லத்தான் பெகிமாய் ஆசைப்பட்டாள். எலும்பை உள்ளங்கையில் உருட்டினாள்.

"அக்கா, பழுப்பு முகம் கொஞ்சம்தான் இருக்கு. பெரிய மந்தையோட சேத்துப் போட்டா அதுங்க முறை வராமலே போயிடுது. தனித்தனியாப் பிரிச்சுட்டா என்ன? குண்டு ஆடு ஒரு பக்கம், குட்டி போட்டதுங்க ஒரு பக்கம், வெள்ளாடு ஒரு பக்கம், பழுப்பு முகம் ஒரு பக்கம். ஒவ்வொரு கூட்டத்துலயும் தனியா எலும்பு போடலாம். யாரும் விட்டுப்போக மாட்டாங்க."

நூர்ஜாத் வானத்தைப் பார்த்தார். வெயில் மலை உச்சிக்கு ஏறிவிட்டது. பெட்டியில் மிச்சம் இருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்.

"அண்ணே, டீ இப்போதைக்குக் கிடையாது போல" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

குண்டு ஆடுகள் சுத்தம். தாயாடுகளும் வெள்ளாடுகளும் சுத்தம். பழுப்பு முகங்களில் எலும்பு முதலில் காட்டிய ஆடும் சுத்தம்.

இரண்டாவது ஆட்டின் கண்ணாடித் துண்டை வைத்ததும் நூர்ஜாத் நுண்ணோக்கியின் மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இங்க வா" என்று பெகிமாயைக் கூப்பிட்டார்.

பெகிமாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடி போன்ற ஒரு பூச்சி எட்டுக் கால்களையும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. யாருக்கோ கையாட்டுவது போல் இருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"சொறியா?" என்று அத்தா கேட்டார்.

"ஆமாண்ணே. இப்பத்தான் ஆரம்பம். ஆனா எல்லாம் ஒரே பட்டியில படுத்திருக்கு. எல்லாத்தையும் மருந்துத் தொட்டியில முக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை முக்கணும். அப்புறம் நான் வந்து பாப்பேன். அதுவரைக்கும் பாலத்தைத் தாண்டாதீங்க."

சாய டப்பா மூடப்பட்டது. நூர்ஜாத் நின்றபடியே டீயைக் குடித்தார். ஜீப்பில் ஏறும்போது பெகிமாயின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கிளம்பினார். ஜீப்பின் இருமல் பாலம் தாண்டியும் கொஞ்ச நேரம் கேட்டது.

"என் மேல கோபமா அத்தா?"

அத்தா பட்டிக் கதவைக் கட்டிக்கொண்டே நின்றார். முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

"அந்தப் பழுப்பு ஆடு தேய்க்கிறதை நானும் பாத்தேன்" என்றார். "நான் சொல்லல. நீ சொன்ன."

அத்தா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் முதல் வேலையோ வேலை. ஆட்டைப் பிடி, தொட்டியில் இறக்கு, தலையை முக்கு, ஏற்றிவிடு. மருந்து நாற்றம் தலைமுடியில் ஏறியது, ரொட்டியில் ஏறியது, கனவில்கூட வந்தது.

வேலை முடிந்ததும் நாட்கள் நீண்டுவிட்டன. ஈரமாய் நின்ற ஆடுகள் அவளை முறைத்தன. மாலையில் பாலத்தருகே போய் உட்காருவாள். மேலே மலையில், மிகத் தொலைவில், விளக்கு போல ஒன்று மினுக்கும். ஜிபெக்கின் கூடாரமாக இருக்கலாம். நட்சத்திரமாகவும் இருக்கலாம்.

ஜிபெக் அங்கே வேறு யாரோடாவது விளையாடிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பாள். பிறகு அந்த வெள்ளைக் குட்டியை நினைப்பாள். எழுந்து வீட்டுக்குப் போவாள்.

ஒருநாள் காலை பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய் பெகிமாய்! செத்துட்டியா, இருக்கியா?"

குதிரைமேல் ஜிபெக் இருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அண்ணன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

"வராத! தாண்டக் கூடாது!" என்று பெகிமாய் கத்தினாள்.

"ஆடுதான் தாண்டக் கூடாது! நான் ஆடா?"

"அப்போ... சொறி?"

"நூர்ஜாத் அக்காகிட்ட கேட்டுட்டேன். மேல வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. திரும்பிப் போறப்ப குளிச்சு, துணியைக் கொதிக்க வச்சாப் போதுமாம். ஆனா இப்பப் போக மாட்டேன். உங்க கிடாவுக்குக் கொம்பு நீலமாகுற வரைக்கும் இங்கதான். அம்மாகிட்ட அழுது, சாப்பிடாம இருந்து, சம்மதம் வாங்கிட்டேன்."

"நிஜமாவே சாப்பிடலையா?"

"மத்தியானம் வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே குதிரையிலிருந்து குதித்தாள் ஜிபெக்.

அத்தா வெளியே வந்தார். ஜிபெக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல நேரத்துல வந்த. இன்னிக்கு ரெண்டாவது தடவை முக்கணும். பின்னங்காலைப் பிடிக்க ஆள் வேணும்."

அன்று முழுக்க ஜிபெக் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பின்னங்காலைப் பிடித்தாள். ஒரு பழுப்பு முகம் உதைத்ததில் அவளே தொட்டிக்குள் விழுந்தாள். தூக்கப் போன பெகிமாயும் விழுந்தாள்.

மாலையில் இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, அடுப்பருகே நடுங்கிக்கொண்டு, சூடான பொரித்த ரொட்டியைத் தின்றார்கள்.

"உன்மேல என்ன நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் ஜிபெக்.

"உன்மேலயும் அதே நாத்தம்தான்" என்றாள் பெகிமாய், அவளை இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டு.