பூஜ்யம் எண் வீடு

கோப்புகள் பன்னிரண்டு இருந்தன. வீடு வீடாகப் போகிறவர்கள் பதினொரு பேர், டேப்லெட் பதினொன்று, ஆகவே கோப்பும் பதினொன்றுதான் இருக்க வேண்டும். அடோம்பிலா கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி இன்னொரு முறை எண்ணச் சொன்னான். பன்னிரண்டு. எவனோ இரண்டு தடவை அனுப்பித் தொலைத்திருக்கிறான் என்று அலுத்துக்கொண்டான். போன சுற்றிலும் இப்படித்தான் அலுத்துக்கொண்டான். அதற்கு முந்தின சுற்றிலும்.

ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. நாலு மாதத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டாரத்தின் நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் ஆள் போய், பிறந்தது யார், செத்தது யார், வந்தது யார், போனது யார் என்று கேட்டு எழுதும். வாசல் சுவரில் சாக்பீஸால் வீட்டு எண்ணும் அதன் கீழே தலை எண்ணிக்கையும் குறித்துவிட்டு வரும். எழுதியதெல்லாம் கடைசியில் அவன் தலையில் வந்து விழும். ஒரு டேப்லெட் காற்புள்ளி போட்டுப் பிரிக்கும், ஒன்று அரைப்புள்ளி, ஒன்றுக்குத் தேதியை நேராக எழுதவே வராது. கிரெப் என்ற கட்டளையால் சலித்து, சார்ட் என்ற கட்டளையால் எண் வரிசையில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதில் உயிரை வாங்குவது பிள்ளைகள் விவகாரம். அத்தை வீட்டில் வளரட்டும் என்று ஒரு பிள்ளையைக் கொடுத்துவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மாவும் அது என் பிள்ளை என்பாள், அத்தையும் என் பிள்ளை என்பாள். ஒரே பிள்ளை இரண்டு வீட்டில் பதிவாகும். ஒவ்வொன்றாக விசாரிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அசதியான சாயங்காலத்தில் அவன் ஒற்றை வரியில் வழி செய்துவிட்டான். ஒரே ஆள் இரண்டு வீட்டில் இருந்தால், சின்ன எண் உள்ள வீட்டை வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது தானாகவே ஓடும்படி வைத்திருந்தான்.

ஹர்மட்டான் என்கிற வறட்டுக் காற்றின் புழுதி ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் மெதுவாக உரசிக்கொண்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் பதினொரு பேரும் டேப்லெட்டுகளை ஒப்படைத்துவிட்டுக் கோசே என்கிற பயற்று வடையைத் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பும் எண்ணெய் வாசனையும், மேஜைக்கடியில் சூடேறிய பேட்டரியின் புளித்த வாடையும், மூன்று மணிக்கே மங்கிப்போன வெளிச்சமும் சேர்ந்து அவன் இமைகளைக் கீழே இழுத்தன.

மேற்பார்வையாளன் அயாம்கா எண்ணெய்க் கையோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, 388ல நேத்தும் அதே சண்டை. பழைய நோட்டுல மூணு பிள்ளைன்னு இருக்கு. அந்தம்மா ரெண்டுதான்ங்குது. மூணாவது எங்கன்னா, நான் பெத்தது எனக்குத் தெரியாதாடான்னு விறகைத் தூக்குது.”

“ஊசிக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருப்பாங்க.”

“ஒளிக்கல அண்ணே. கொடியில குட்டிச் சட்டை ஒண்ணு காயுது. இது யாருதும்மான்னேன். கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்துச்சு. ஆமா, யாருதுன்னு என்னையே கேக்குது.” அயாம்கா சிரிக்க முயன்றான். “இந்த மாதிரி ஏழு வீடு ஆச்சு.”

அவன் போனபிறகு அடோம்பிலா அந்த மூன்றாவது பிள்ளையின் பதிவு எண்ணைப் பழைய கோப்புகளில் தேடச் சொன்னான். இரண்டு வரிகள் வந்தன. ஒன்றில் வீடு 0388. இன்னொன்றில் வீடு 0000.

வீட்டு எண்கள் 0001இல் தொடங்குகின்றன. பூஜ்யத்துக்கு வீடே கிடையாது. ஆனால் சார்ட் அதையா பார்க்கும்? சின்ன எண் முதலில். அவனுடைய ஒற்றை வரி பூஜ்யத்தை வைத்துக்கொண்டு பெற்றவளைத் தூக்கிப் போட்டிருந்தது.

பழைய கோப்புகளில் 0000 உள்ள எல்லா வரிகளையும் கேட்டான். முந்தின இரண்டு சுற்றுகளில் ஏழு பிள்ளைகள், ஏழும் அந்த உபரிக் கோப்புகளிலிருந்து வந்தவை. பதில் சொன்னவர் யார் என்ற கட்டத்தில் வழக்கமாகத் தாயின் பெயர் இருக்கும். இவற்றில் அந்தந்தப் பிள்ளையின் பெயரே இருந்தது.

இந்தச் சுற்றின் பன்னிரண்டாவது கோப்பைத் திறந்தான். ஒரே ஒரு வரி.

வீடு 0000. அசம்போகா. பெண். வயது ஏழு. புதிதாக வந்தவர். வந்த தேதி, இன்று. பதில் சொன்னவர், அசம்போகா.

அவன் மகள்.

கோப்பை அழித்தான். பட்டியலைக் கேட்டான். பன்னிரண்டு. மறுபடி அழித்தான். பன்னிரண்டு. பெரிய எண் உள்ள வீட்டை வைத்துக்கொள் என்று அந்த ஒற்றை வரியைத் திருப்பிப் போட்டான். கோப்பைத் திறந்து பார்த்தான். வீடு 9999 என்று இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டான்.

“சொல்லுங்க, அசம்போகா அப்பா,” என்றாள் அவன் மனைவி லாரிபா.

“பிள்ளை எங்க?”

“இங்கதான், வாசல்ல. உங்க ஆபீஸ் ஆள் ஒருத்தர் வந்திருக்காரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல, எல்லாத்தையும் அவகிட்டதான் கேக்குறாரு. அவளும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்றா.”

கண்ணாடிப் பட்டைகளின் வழியே அவன் மரத்தடியை எண்ணினான். பதினொரு பேர் இருந்தார்கள்.

“அவளை உள்ள கூட்டிட்டுப் போ, லாரிபா. கதவைச் சாத்து. நான் வர்றேன்.”

பழக்கதோஷத்தில் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான். வீட்டுக்கு அரை மணி நேரப் பாதை. எதிரே சாலை சிவப்புப் புழுதியில் கரைந்துகொண்டே போனது. கழுதை வண்டிகளும் சைக்கிள்களும் திடீர் திடீரென்று முளைத்து மறைந்தன. என் தங்கமே, யாரோடும் பேசாதே, யாரோடும் போகாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்து மணி. அது தானாக ஓடும்.

நேரம் நாலு ஐம்பத்து நாலு. நடுச்சாலையில் நிறுத்தி அயாம்காவுக்கு அடித்தான்.

“கம்ப்யூட்டரை அணைடா. அஞ்சு மணிக்குள்ள.”

“ரூம் பூட்டியிருக்கே அண்ணே. சாவி உங்ககிட்டல்ல இருக்கு.”

“கதவை உடை.”

“என்ன அண்ணே, விளையாடுறீங்களா?”

“உடைடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். என் பிள்ளைடா.”

போனில் ஓட்டம் கேட்டது. கதவில் விழும் அடி. இன்னொரு அடி. நாலு ஐம்பத்தெட்டு. அசம்போகா. அடி. அசம்போகா. முன்பல் விழுந்த சிரிப்பு. அடி. நாலு ஐம்பத்தொன்பது. அசம்போகா. அடி. அசம்.

கதவு பிளந்தது.

“உடைச்சாச்சு அண்ணே. எதை அணைக்கணும்?”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணி ஆகியிருந்தது.

“எதைடா உடைச்சே?” என்றான்.

அடோம்பிலா போனைப் பையில் போட்டான். பைக் நடுச்சாலையில் உறுமிக்கொண்டு நின்றது. கன்னம் நனைந்திருந்தது. புழுதிதான், இந்தப் பருவத்தில் யாருக்குத்தான் கண் கலங்காது? ஏன் இங்கே நிற்கிறோம் என்று யோசித்துப் பார்த்தான். அசதியாக இருந்தது. பாதி தூரம் வந்தாயிற்று, இனி வீட்டுக்கே போகலாம்.

லாரிபா முற்றத்தில் மாவு கிண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன அடோம்பிலா, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டே?”

“உடம்பு ஒரே அலுப்பு.”

அவள் மூன்று கிண்ணங்களை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

வாசல் சுவரில் சாக்பீஸ் எழுத்து புதிதாக இருந்தது. 0417. அதன் கீழே 2. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

படியருகே ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளை எதுவோ விட்டுவிட்டுப் போயிருக்கும். நாய் கடிக்காமலிருக்க மதில்மேல் எடுத்து வைப்போம் என்று குனிந்து கையில் எடுத்தான். செருப்பின் உட்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.