குடை மூடாத பதினோரு விநாடி

காலை 10:20.

ஓடுதளத்துப் புல்லில் அந்த மனிதர் மல்லாந்து கிடந்தார். தொண்டையில் ஆழமான ஒரே வெட்டு. இரண்டடி தள்ளி அவருடைய மாடல் விமானம் மூக்கறுந்து நின்றது. என்ஜின் இருந்தது, அதன் முனையில் சுற்ற வேண்டிய விசிறி இல்லை. அது அவர் கழுத்தைப் பதம் பார்த்துவிட்டு நாற்பதடி போய் விழுந்திருந்தது.

ரேடியோவில் இயக்கும் மாடல் விமானங்களைப் பறக்கவிடுகிறவர்கள் சங்கம் வைத்து நடத்தும் மைதானம் அது. செத்தவருக்கு அங்கே பட்டப்பெயர் ‘காது’. நாலு ஸ்ட்ரோக் என்ஜினைச் சத்தத்தை வைத்தே ட்யூன் பண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ‘ரெண்டு ஸ்ட்ரோக்கு தொண்டை கிழியக் கத்தும். அதைச் செவிடன்கூட ட்யூன் பண்ணுவான். நாலு ஸ்ட்ரோக்குதான் மெதுவாப் பேசும். அதைக் கேக்கத்தான் காது வேணும்’ என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லியே எல்லார் உயிரையும் வாங்கியவர். இன்றைக்கு நாற்பது பேர் கண்ணெதிரில் அவர் உயிர் போனது.

இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. பொறுமை அவருக்குக் கிடையாது, அதை அவர் மறைப்பதும் கிடையாது.

“நாப்பது பேர் பாத்தீங்க. ஒருத்தரும் ஒண்ணும் பாக்கல. அதானே?”

சங்கச் செயலாளர் முன்னால் வந்தார். “விபத்து மேடம்.”

“எங்க நின்னார்?”

“விசிறிக்கு முன்னாடி.”

“எப்பவும் அப்படித்தானா?”

“ஐயையோ! முன்னாடி எவனாவது நின்னா மனுஷன் கிழிகிழின்னு கிழிச்சிடுவார். என்ஜினுக்குப் பின்னாடி இருந்துதான் கை வைக்கணும். அவரே எழுதி ஒட்டின விதி அது. அதோ பாருங்க, கொட்டகைச் சுவத்துல.”

“எழுதினவரே இன்னைக்கு ஏன் முன்னாடி வந்தார்?”

இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்தே மேகம் மூடிக்கிடந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

காலை 11:05.

ஏட்டு புல்லைச் சல்லடை போட்டுச் சலித்து ஒரே ஒரு நட்டைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். சங்கத்து என்ஜின்களையெல்லாம் பூட்டுகிறவர், முறுக்குகிறவர் அவர்தான்.

“நான்தான் மேடம் கொன்னுட்டேன். லாக் நட்டு போட மறந்துட்டேன்.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“என்ஜின்ல ஊசின்னு ஒரு திருகு இருக்கு. உள்ள திருப்பினா எரிபொருள் குறையும், வேகம் ஏறும். ஏறி ஏறி ஒரு உச்சம் வரும். அதைக் காதால கேட்டதும் நிறுத்தி, திருகை ரெண்டு மூணு பல் வெளிய திருப்பிப் பின்னாடி வந்துடணும். வராம இன்னும் உள்ளயே திருப்பினா என்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும். அந்த உதையில நட்டு கழண்டு விசிறி முன்னாடி பாயும். அப்படிப் பாயாம இருக்கத்தான் நட்டுக்கு மேல இன்னொரு நட்டு, லாக் நட்டு. ரெண்டையும் மூக்கு மூடி மறைச்சுடும். வெளியில இருந்து பாத்தா இருக்கா இல்லையான்னு தெரியாது.”

“போட்டது ஞாபகம் இருக்கா?”

“போட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா நேத்து சாயங்காலம் அவர் வீட்டுலதான் வேலை பாத்தேன். அப்பத்தான் அவர் பொண்ணை எனக்குக் கட்டித் தர்றதா சொன்னார். வீட்டோட மாப்பிள்ளையா இருக்கணும்னார், சரின்னேன். தலைகால் புரியல மேடம். அந்தச் சந்தோஷத்துல விட்டிருப்பேன்.”

“பொண்ணுக்குச் சம்மதமா?”

“முதல்ல வேண்டாம்னுதான் சொன்னா. வெக்கம்.” அழுகைக்கு நடுவிலும் அவருக்கு ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

மேலதிகாரி போனில் கூப்பிட்டார். கவனக்குறைவால் மரணம், மெக்கானிக்மேல் வழக்கு, நாலு மணிக்குள் முடித்து அனுப்பு என்றார். நல்ல மனுஷன்தான், மெக்கானிக்கே ஒத்துக்கொண்ட பிறகு இன்னும் என்ன ஆராய்ச்சி என்ற எண்ணம் அவருக்கு. மெக்கானிக்குக் கம்பி எண்ண இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

பகல் 12:40.

செத்தவரின் வீடு. அலமாரியில் ஏழு என்ஜின்கள் வரிசையாக இருந்தன. ஏழும் நாலு ஸ்ட்ரோக். அவருடைய படுக்கையைத் தூக்கிப் பார்த்த ஏட்டு, தலையணைக்கு அடியிலிருந்து வட்டமாக ஒரு கடிகாரத்தை எடுத்தார்.

“அலாரம் வெச்சா இது மணி அடிக்காது மேடம். அதிரும்.”

இன்ஸ்பெக்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மகள் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தாறு. வீட்டிலேயே வயலின் சொல்லித்தருகிறவள். அழவில்லை. துக்கம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி என்று இன்ஸ்பெக்டர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

“நீங்களும் மைதானத்துக்குப் போவீங்களா?”

“ஒவ்வொரு தடவையும். போகலைன்னா அப்பா விடமாட்டார்.”

“வெளிய வேலைக்குப் போனதில்லையா?”

“வெளியூர் இசைப் பள்ளியில மூணு தடவை கூப்பிட்டாங்க. அப்பா வேண்டாம்னுட்டார்.”

“மெக்கானிக் மேல கோபம் இருக்கா?”

“பாவம், நல்லவர். சந்தோஷத்துல மறந்திருப்பார்.” குரலில் தேன் சொட்டியது.

பகல் 2:15.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வழியாக அந்த நட்டைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“இதுல சிவப்பா ஒரு கோடு இருக்கே, என்னது?”

“நகப் பூச்சு மேடம். எல்லாம் முறுக்கி முடிச்சதும் குறுக்க ஒரு கோடு போடுவேன். நட்டு நகர்ந்தா கோடு உடைஞ்சு காட்டிக்குடுக்கும். இருபது வருஷப் பழக்கம்.”

“பழக்கம்தான் உங்களைக் காப்பாத்திச்சு. மேல்முகத்தைப் பாருங்க. வெளிவிளிம்புல சிவப்பு இருக்கு. நடுவுல ஒரு வட்டம் மட்டும் சுத்தமா இருக்கு. கோடு அந்த வட்டத்துக்கிட்ட வந்து கத்தரிச்ச மாதிரி நிக்குது. ஏன்?”

மெக்கானிக் கண்ணாடிக்குள் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார். “அங்க இன்னொரு நட்டு உக்காந்திருந்தது. நான் போட்டிருக்கேன் மேடம்! போட்டுட்டேன்!”

“போட்டீங்க. அப்புறம் யாரோ கழட்டிட்டு மூடியை மறுபடி மாட்டியிருக்காங்க. போய் உக்காருங்க.”

அடுத்து செயலாளர் கொண்டுவந்த வீடியோக்கள். பழைய போட்டிகள் பதினாறு, இன்றைய காலை ஒன்று. இன்ஸ்பெக்டர் என்ஜினைப் பார்க்கவே இல்லை. செத்தவரின் கண்களைத்தான் பார்த்தார். பதினாறிலும் அவர் ஊசியைத் திருப்பிக்கொண்டே எதிரில் எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அவர் ஸ்டைல் மேடம்” என்றார் செயலாளர். “கவனம் முழுக்கக் காதுல இருக்கும்.”

“உங்க தலை! உச்சம் வரும்போது மட்டும் சொல்லுங்க.”

பதினாறு தடவை செயலாளர் “இப்ப” என்றார். பதினாறு தடவையும் இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். கடைசியாக இன்றைய காலை வீடியோ ஓடியது. பதினாலாவது விநாடியில் செயலாளர் “இப்ப” என்றார். ஊசியில் இருந்த கை நிற்கவில்லை. இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே. இருபத்தைந்தாவது விநாடியில் என்ஜின் உதைத்தது.

“அவளைக் கூட்டிட்டு வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

பிற்பகல் 3:30.

மகள் வந்து உட்கார்ந்தாள். மெக்கானிக் ஓரத்து பெஞ்சில் இருந்தார். இன்ஸ்பெக்டர் அதிரும் கடிகாரத்தை மேஜையில் வைத்தார்.

“உங்கப்பாவுக்கு எத்தனை வருஷமா காது கேக்கல?”

மெக்கானிக் துள்ளி எழுந்தார். “என்ன மேடம் சொல்றீங்க? அவருக்கா?”

“அவருக்குத்தான். முகத்துக்கு நேரா பேசினா உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவார். பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பியாவது பாப்பாரா?”

“மாட்டார். திமிர்னு நெனச்சோம்.”

“திமிரும்தான். ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு மாறியிருக்கலாம், வேகம் காட்டற மீட்டர் வாங்கியிருக்கலாம். அப்ப பட்டப்பெயர் போயிடுமே! அதனால வீட்டுல இருந்த நல்ல காதை எடுத்துக்கிட்டார்.” இன்ஸ்பெக்டர் மகள் பக்கம் திரும்பினார். “ஒவ்வொரு வீடியோவிலயும் நீ குடை பிடிச்சு எதிர்ல தூரமா நிக்கிற. உச்சம் வருது, குடை மூடுது, அவர் கை பின்னாடி வருது. பதினாறுக்குப் பதினாறு. இன்னைக்கு வெயிலும் இல்ல, மழையும் இல்ல. மைதானத்துல ஒரே ஒரு குடை விரிஞ்சிருக்கு. உன்னோடது. அது மூடவே இல்ல.”

“குடையை மூடாதது குத்தமா?” அவள் நிதானமாகக் கேட்டாள்.

“இல்ல. ஆனா இன்னைக்கு நீ எதிர்ல நிக்கல. விமானத்து வாலுக்குப் பின்னாடி, கொட்டகைக்கிட்ட போய் நின்னே. குடையைப் பாக்கணும்னா அவர் விசிறிக்கு முன்னாடி வந்து, பின்பக்கம் பாத்து நின்னாகணும். தன் கையால எழுதின விதியை அவர் வேற யாருக்காகவும் மீறியிருக்க மாட்டார். விமானம் நேத்து ராத்திரி உங்க வீட்டுல இருந்தது. லாக் நட்டை அவரே கழட்டிட்டு அங்க போயா நிப்பார்? மிச்சம் இருக்கிறது நீதான். நீதான் கொன்னே.”

அவள் முகத்தில் பயம் இல்லை. வீட்டு வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தவளைப் போல் இருந்தாள்.

“பதினோரு விநாடி மேடம். உச்சம் தாண்டினதும் என்ஜின் உள்ள கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குக் கேட்டுச்சு. அவர் என்னையே பாத்துட்டு இருந்தார். ‘என்னடி, தூங்கிட்டியா’ன்னு கத்தினார். அதுதான் கடைசியா பேசினது. மூணு வேலை லெட்டரையும் என் முன்னாடியே கிழிச்சார். அப்புறம் இவரை வீட்டோட மாப்பிள்ளையாக்கி, என்னை அங்கயே கட்டிப்போடப் பாத்தார். என் காது அவருக்கு வேணும். நான் யாருக்கும் வேண்டாம்.”

“இந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணார்? இவரை எதுக்கு ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தே?”

“அவர் போனதும் இவர் எனக்கு ஆறுதல் சொல்ல வருவார் மேடம். தினமும் வருவார். உள்ள இருந்தா வரமாட்டார்.”

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து அவள் முன்னால் வந்தார். காலையிலிருந்து தன்னைக் கொலைகாரன் என்று நினைத்து அழுத கண்கள் இன்னும் காயவில்லை.

“என்னைப் பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேனே” என்றாள் அவள். “அப்பாகிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். அவருக்காவது காது கேக்காது.”

மெக்கானிக் திரும்பிப் போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் தாளில் மெக்கானிக்கின் பெயரை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.