பக்கத்து சீட்டு பெல்ட்

மதியம்தான். ஆனால் மழை பிடித்த பிடியில் ஊரே இருட்டிக் கிடந்தது. மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோக வேலைக்குச் சேர்ந்த புது டிரைவருக்கு, ஷெட்டில் மிச்சமிருந்த பழைய வேனைத்தான் தள்ளிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் குப்பென்று ஈரத்துணி வாடை. சாவியைத் திருப்பியதும் டிங், டிங் என்று மணி. பக்கத்தில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி அது.

சீட் காலி.

"அது அப்படித்தான் கத்தும். வெறும் சீட்டுக்கே பெல்ட்ட மாட்டி விட்டுடுங்க, நாங்க எல்லாரும் அதான் செய்றோம்," என்றார் சூப்பர்வைசர். "போன் அடிச்சா மட்டும் உடனே எடுத்துடணும். ஆபீஸ்ல பொறுக்க மாட்டாங்க."

"இதுக்கு முன்னாடி யாருண்ணே ஓட்டினது?"

சூப்பர்வைசர் மழையைப் பார்த்தார். "அவரும் உடனே எடுப்பார்."

பெல்ட்டை மாட்டினான். மணி நின்றது.

ஆபீஸ் கிடக்கட்டும். அவன் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. எந்த நேரமும் வலி வரலாம். அதனால் போனை மடியிலேயே வைத்துக்கொண்டான். இருப்புக்கொள்ளாமல் நொடிக்கொரு தரம் குனிந்து பார்த்தான். ஓட்டும்போது அப்படிப் பார்க்கக் கூடாதென்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் பார்த்தான், படுபாவி.

பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. கையை மடிக்குக் கொண்டுபோனான்.

போன் இல்லை.

அடித்த போன் சட்டென்று நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து சீட்டில், உட்கார்ந்த ஆளின் காது இருக்கும் உயரத்தில், ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் போனது.

"ரோட்டப் பாருப்பா."

பார்த்தான். எதிரே, நடுரோட்டில், விளக்கே இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தான். வேன் வழுக்கிக்கொண்டே போய், லாரியைத் தொடாத குறையாக நின்றது.

பாலம் தாண்டி ஓரங்கட்டியபின்தான் உயிர் திரும்பியது. பக்கத்து சீட்டில் கிடந்த போன் சில்லிட்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டான்.

"வலியெல்லாம் இல்லங்க, சாப்ட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்," என்றாள். "கூட யாருங்க அந்த அண்ணன்? 'ஓட்டிக்கிட்டு இருக்கார்மா, நிறுத்தினதும் பேசுவார்'னாரு. அப்புறம் அழுதாருங்க. 'என் வீட்டுக்காரியும் இதக் கேக்கத்தான் கூப்பிட்டா, நான் எடுத்திருக்கக் கூடாது'ன்னு."

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி மறுநாளே வேறு வேன் வாங்கிக்கொண்டான். புத்தம் புதுசு. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நிம்மதியாகச் சாவியைத் திருப்பினான்.

டிங், டிங்.

பக்கத்து சீட்டின் உறை சரசரவென்று அமுங்கியது. ஈரத்துணி வாடை வந்தது.

அவன் போனை எடுத்து அந்த சீட்டில் வைத்தான். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான்.

மணி நின்றது.