தோளில் தூக்கி ஓட வேண்டாம்

“அண்ணே... கேக்குதா? கண்ணைத் தொறங்க!”

யாரிது... பொம்மையைப் போய் அண்ணே என்று கூப்பிடுவது? சாந்தோம் பள்ளியின் உடற்பயிற்சி டீச்சர் வசந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். ரப்பர் பொம்மையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். முதலுதவி கற்றுக்கொடுக்க வந்த அய்யாதுரை. பெயர்தான் தாத்தா பெயர், கண்கள்... அடேயப்பா, என்ன குறுகுறுப்பு! அவளைப் பார்த்த அந்த நொடியில் அவனுக்குப் பாடமே மறந்துபோனது.

“சார், கடல்ல முழுகினவங்கள தோள்ல தலைகீழா போட்டுக்கினு ஓடுனா தண்ணி வெளிய வந்துடும். எங்க குப்பத்துல அப்டித்தான்,” என்றாள் ஒரு மாணவி.

“கூடவே கூடாதும்மா. ஓடுற நேரத்துல உயிர் போயிடும். அங்கேயே படுக்கவெச்சு மூச்சு குடுக்கணும், நெஞ்சை அமுக்கணும்.”

வசந்திக்குச் சுருக்கென்றது.

“எங்க பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்துல வந்து சொல்லுங்க! எங்கப்பா அப்டித்தான் எத்தினி பேரக் காப்பாத்திக்கீறாரு... உங்களுக்கு இன்னா தெரியும்?”

விருட்டென்று வெளியேறினாள்.

கோபமா அது? பயம்! போன வருடம் தம்பியைக் கடலிலிருந்து மீட்ட அப்பா, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரை நெடுக ஓடினார். தம்பி பிழைக்கவில்லை. இந்த ஆள் சொல்வது நிஜமென்றால்... ஐயோ, கேட்காமலும் இருக்க முடியவில்லையே!

சாயங்காலம் கொட்டியது மழை. பஸ் ஸ்டாப்பில் தொப்பலாக நனைந்து நின்றான் அய்யாதுரை. மழைக்கோட்டு பொம்மைக்கு!

“உங்களுக்கு ஜுரம் வந்தா இந்த அண்ணன்தான் பாத்துக்குவாரா?” என்று குடையோடு வந்து நின்றாள் வசந்தி.

“நாளைக்கு அவருக்கு இன்னொரு ஸ்கூல்ல வேலை இருக்கு மேடம்...”

சிரித்துவிட்டாள். சிரித்த வாயாலேயே தம்பியைப் பற்றிச் சொன்னாள். “அப்பா ஓடுனதாலதான் அவன் செத்தானா?”

அவன் கண்கள் கலங்கின.

“தெரியலைங்க. கரைக்கு வரும்போதே உயிர் இருந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இனிமே யாரும் அப்படி ஓடக் கூடாது. நீங்க கோச்சுக்கிட்டாலும் இதை மாத்திச் சொல்ல மாட்டேன்... கோச்சுக்கிட்டா எனக்குத் தாங்காது, அது வேற.”

“ஏனாம்?”

“காலையில வாசல்ல பாத்ததுலேர்ந்து... உங்களப் புடிச்சிருக்கு.”

வசந்தி தரையைப் பார்த்தாள். அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

“நாளைக்கே யாராவது முழுகினாலும் அப்பா தூக்கிக்கினுதான் ஓடுவாரு. நான் சொல்லியாவணும். தனியா சொல்ல தைரியமில்ல... கூட வர்றீங்களா?”

“வரேன். அடிச்சாருன்னா?”

“வாங்கிக்கோங்க,” என்றாள் வசந்தி, மெல்ல நிமிர்ந்து. “மாமனார் கையால அடிதானே...”