மறப்பில் இருப்பவள்

இருமல் சத்தம் வரவில்லை.

காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பியவளுக்கு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் கைவைத்து நின்றபோதுதான் அது உறைத்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் படுக்கை விரிப்புகளைச் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டே இருப்பவளுக்கு, அந்த எந்திரத்தின் இரைச்சல் வீடு வரைக்கும் காதோடு கூட வரும். அது அடங்க அடங்க, வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். ஃப்ரிட்ஜின் முனகல். மாடிவீட்டில் நாற்காலி இழுபடும் கிறீச். குழாயில் சொட்டும் தண்ணீர். அப்புறம் நடைவழியின் கோடியில், எப்போதும் சாத்தியே கிடக்கும் பின்னறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, இரண்டு குட்டையும் ஒரு நீளமுமாக அந்த இருமல்.

இன்று முதல் மூன்றும் கேட்டன. நான்காவது கேட்கவில்லை.

இதை யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. இத்தனை நாள் அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதையே அந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

பின்னறையில் இருப்பது அவள் நாத்தனார், கணவனின் அக்கா. நான்கு வருடத்துக்கு முன்னால், குடும்பமே சேர்ந்திருக்கும் சபையை விட்டுப் போய்விட்ட தன் மகனோடு அவர் போனில் பேசிவிட்டார். பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா என்ற பேச்சு. அடுத்த கூட்டத்தில் சபைப் பெரியவர் எழுந்து, குரலைக்கூட உயர்த்தாமல், அவரை மறப்பில் வைத்திருப்பதாக அறிவித்தார். அடியில்லை, திட்டில்லை, வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. மறப்பில் இருப்பவரைப் பார்க்கக் கூடாது. அவர் பேசினால் காதில் விழக் கூடாது. அவ்வளவுதான். மனம் திருந்தினால் சபையே மறுபடி நினைத்துக்கொள்ளுமாம்.

முதல் மாதம் நாத்தனார் கெஞ்சினார். இரண்டாம் மாதம் கத்தினார். சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றுகூடப் பார்த்தார். அவள் கணவன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு சாப்பிட்டான். அதற்குப் பிறகு பின்னறைக்குப் போனவர்தான். உலை வைக்கும்போது மட்டும் அவளுக்குக் கை தவறி ஒரு பிடி அரிசி கூட விழுந்துவிடும். நான்கு வருடமாகத் தினமும் கை தவறிக்கொண்டிருந்தது. மிச்சச் சோறு விடிந்தால் பானையில் இருக்காது. யார் சாப்பிட்டது என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் சோறு அப்படியே இருந்தது.

அதற்கு மறுநாளும்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர். சபைக்கு வெளியே அவள் வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள்.

"தூக்கம் இல்லக்கா." உருளை ஒரு விரிப்பை விழுங்கி மறுபக்கம் துப்பியது. "அக்கா, ஒரு கூட்டம் நல்ல கூட்டமா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?"

சூப்பர்வைசர் விரிப்பின் ஓரத்தை உதறி மடித்தாள். "உள்ள வர்றவனுக்கு எல்லாக் கூட்டமும் கதவைத் திறந்துதான் வைக்கும். வெளிய போனவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுப்பாங்களா, அதைப் பாரு. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கறவ கையைக் கொண்டுபோய் உருளைக்குள்ள விடமாட்டா. எடுடி கையை!"

அன்று சாயங்காலம், லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவன் கிரீஸ் வாடையோடு வந்து உட்கார்ந்தான். எட்டு வயது மகள் தரையில் குப்புறப் படுத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். நடைவழிப் பக்கத்திலிருந்து, ஈரத்துணியை வாளியிலேயே மறந்துவிட்டால் வருமே, அந்தப் புளித்த வாடை மெதுவாக வந்து தங்கியது.

"பின் ரூம்ல சத்தமே இல்லைங்க," என்றாள்.

"எந்த ரூம்ல?"

"வாடை வேற வருது."

"எலி செத்திருக்கும்." அவன் நிமிரவில்லை. பிறகு, மகளுக்குக் கேட்காதபடி சொன்னான்: "நீயும் ஆரம்பிச்சுடாத. ஒரு தடவை செஞ்சதே எனக்குப் போதும். இன்னொரு தடவை செய்யத் தெம்பில்ல."

அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. களைப்புதான் இருந்தது. அவளுக்கும் அதேதான். இரண்டு பேரும் எதையோ ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டே நான்கு வருடம் நின்றுவிட்டது போலவும், யார் முதலில் கையை விடுவது என்பதுதான் மிச்சம் என்பது போலவும் இருந்தது.

மறுநாள் விடுமுறை. மத்தியானம் கணவன் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தான். வெயில் ஜன்னல் வழியாக நடைவழியின் பாதி வரைக்கும் வந்து, அதற்கு மேல் வர மனமில்லாததுபோல் நின்றிருந்தது. அவள் வெயிலைத் தாண்டி நடந்தாள். கதவருகில் நின்றாள். உள்ளே ஏதோ இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது.

மூச்சா?

கைப்பிடி பிசுபிசுத்தது. திருப்பினாள்.

இருட்டு. மூத்திர நெடி. கட்டில். கட்டிலில், சுவரைப் பார்த்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு முதுகு. எலும்பு.

"அண்ணி."

நான்கு வருடமாகச் சொல்லாத சொல். அந்த உருவம் திரும்பியது. மிக மெதுவாக. வாய் முழுக்கத் துணி. தானே திணித்துக்கொண்ட துணி. அதைப் பிடுங்கியெடுத்தார் நாத்தனார்.

"இருமினா... உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்குமேன்னு..." குரல் காற்றாக வந்தது. பிறகு அவர் கண்கள் அவளைத் தாண்டிப் போய் விரிந்தன. "ஐயோ, கதவைச் சாத்திட்டு வரக்கூடாதா? குழந்தை நிக்குதே."

திரும்பினாள். வெயில் முடியும் இடத்தில் மகள் நின்றிருந்தாள்.

"கண்ணு, பயப்படாத. அத்தைக்கு உடம்பு முடியல..."

மகளின் பார்வை அவள் நெற்றியில் பட்டது. கண்ணாடியில் வழியும் தண்ணீர்போல முகத்தின்மேல் இறங்கி, தோளைக் கடந்து, பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது.

"அப்பா," என்று கூப்பிட்டாள் மகள். "பின் ரூம் கதவு தானாத் திறந்துக்கிச்சு."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான். முகவரி சொன்னாள், வாசலைத் திறந்தாள், நாத்தனாரின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தபோது கணவன் நடைவழியின் நடுவில் அசையாமல் நின்றான். தூக்கி வந்த இரண்டு பேரும் அவனை இடித்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

"வீட்டுல எத்தனை பேர்?" என்று ஆம்புலன்ஸ்காரர் படிவத்தோடு கேட்டார்.

"நானும் பொண்ணும்," என்றான் கணவன்.

"அப்ப இவங்க ரெண்டு பேரும்?"

கணவன் வாசலில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்கினான். ஆம்புலன்ஸ்காரர் குழம்பிப்போய்க் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அப்பாவும்தான் அங்கிள்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார்! அந்த ஒரு பார்வைக்கே அவளுக்கு அழுகை முட்டியது. "அம்மா, பேஷண்ட் கூட நீங்க வர்றீங்களா?"

வண்டியின் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். உள்ளே நாத்தனாரின் கை அவள் புடவையைத் தேடித் துழாவியது. திரும்பிப் பார்த்தாள். கணவன் வாசற்கதவில் கை வைத்திருந்தான். மகள் அவன் பக்கத்தில். வண்டி நகர்ந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். மூடினால் திறக்காது.

"என்னால... வர முடியாது."

துழாவிய கை அப்படியே நின்றது. வண்டி போய்விட்டது.

ஓடிவந்து கதவைச் சாத்துவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. கால் போன போக்கில் நடந்து பின்னறைத் தரையில் போய் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மகள் வந்தாள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கட்டிலிலிருந்த அழுக்கு விரிப்பை உருவிச் சுருட்டிப் போட்டாள். துவைத்த விரிப்பைப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் செருகினாள். அம்மா கற்றுக்கொடுத்தபடி, ஒரு சுருக்கமில்லாமல். போய் அம்மாவின் தலையணையை எடுத்து வந்து வைத்தாள். அம்மாவின் சீப்பு. சலவைக்கூடச் சீருடை. செருப்பு. ஜோடி சேர்த்து, கட்டிலடியில்.

அவள் எட்டி அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னைப் பாரு தங்கம். ஒரே ஒரு தடவை."

மகள் நின்றாள். ஆணியில் மாட்டிய சட்டையைக் கிழியாமல் விடுவிப்பதுபோல, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குனிந்து, விரிப்பில் விழுந்த சுருக்கத்தை நீவிவிட்டாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?" கூடத்திலிருந்து கணவனின் குரல் கேட்டது.

"யாருமில்லப்பா."

பொய் சொல்லும் குழந்தையின் தடுமாற்றம் அந்தக் குரலில் துளியும் இல்லை.