சிம்னிக் கண்ணாடி

குளியலறை வாளியில் நுரை மிதந்தது. ஏஞ்சலின் இன்னும் சோப்பையே தொடவில்லை. குனிந்து தொட்டாள். குமிழ்கள் உடையாமல், வெந்த சவ்வரிசி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டன. மீன்தொட்டியில் ஊறப்போடும் பாதாம் இலையின் வாடை வேறு. ஆண் ஃபைட்டர் மீன் கூடு கட்டும்போது ஊதுகிற நுரை அது, அவளுக்குத் தெரியாததா? ஆனால் மீன்தொட்டிகள் எல்லாம் பின்பக்க ஷெட்டில் அல்லவா இருக்கின்றன. யோசிக்கத் தெம்பில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள்.

புருஷன் பிரிட்டோ அறைந்ததில் ஒரு காது அடைத்துப்போய், உளுந்தூர்பேட்டையிலிருந்து கச்சிராயபாளையத்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டவளுக்கு இந்த மீன்கள்தான் பிழைப்பு. சண்டைக்கார மீனை ஜோடி சேர்க்க ஒரு முறை உண்டு. ஆணின் தொட்டிக்குள் அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் பெட்டையை விடவேண்டும். ஆண் சுற்றிச் சுற்றி வரும், செவுளை விரித்துக் காட்டும், பிறகு நுரையால் கூடு கட்டும். கட்டி முடித்ததும் சிம்னியை மெல்லத் தூக்கிவிட வேண்டும். முட்டையிட்டவுடன் பெட்டையை எடுத்துவிட வேண்டும், அசந்தால் ஆண் அதைக் கிழித்துப் போட்டுவிடும். ஒருமுறை அலுப்பில் தூங்கிவிட்டு, காலையில் வாலும் கண்ணும் இல்லாத ஒன்றை அள்ளிப் போட்டாள். அழகான கூட்டுக்குக் கீழேதான் அது கிடந்தது.

மத்தியானம் சோறு போடும்போது அப்பா சின்னப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சாயங்காலம் மாப்ள வராரும்மா. உன்ன கூட்டிக்கினு போவ."

"நீ இன்னாப்பா சொன்ன?"

"வரட்டும்னேன். திருந்திட்டாரும்மா. வூட்டுக்கு பெயின்ட் அடிச்சி, புச்சா ஒரு ரூம்பு எடுத்து, கட்டிலு மெத்தைலாம் வாங்கிப் போட்டுக்கீறாரு. எல்லாம் உனக்குன்னுதான். அவ்ளோ அழகா கட்டிக்கினு இருந்தாரு, நானே பாத்தேன்."

"கட்டி முடிச்சிட்டாராப்பா?"

"முடிஞ்சிச்சி. ஏன் கேக்குற?"

"நான் போவலப்பா. போனா என்ன சாவடிச்சிடுவாரு."

"எல்லா வூட்லயும் இருக்கறதுதான். எனக்கும் வயசாவுது." அவர் சொம்பை எடுத்தார். தண்ணீரின் மேல் நுரை மிதந்தது. கவனிக்காமல் குடித்தார்.

பொழுது சாயும்போது கல்வராயன் மலைப்பக்கமிருந்து மழை இறங்கிக் கரண்ட் போயிற்று. மறுபடி அப்பாவோடு மல்லுக்கட்ட அவளுக்கு உடம்பில் சத்தில்லை. கட்டிலில் படுத்தாள். ஜன்னல் வழியாக வந்த மங்கல் வெளிச்சம் பாதாம் இலை ஊறிய தண்ணீரின் நிறத்தில் சுவரெல்லாம் பரவியிருந்தது, ஓட்டில் விழுந்துகொண்டிருந்த மழையின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ தூரத்துக்குப் போனது, அடைத்த காது மட்டுமல்ல, நல்ல காதும் அமுங்கியது. அந்த வாடை மூக்கில் ஏறியது.

மேலே பார்த்தாள்.

உத்தரமெல்லாம் நுரை. அவள் பார்க்கப் பார்க்க ஒரு ஓரத்தில் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குமிழாக. நிதானமாக. ஆசையாக.

வாசலில் பைக் வந்து நின்றது.

எழுந்து கதவுப் பக்கம் ஓடினாள். நெற்றி இடித்தது. தடவினாள். வழவழப்பு. வளைவு. இடப்பக்கம் தடவினாள். கண்ணாடி. பின்னாலும் கண்ணாடி.

"அப்பா!"

குரல் உள்ளேயே சுற்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப்பன் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால், அறையை அடைத்துக்கொண்டு, நீலமாக ஏதோ திரும்பியது. செவுள் விரிந்தது.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்பா குனிந்து கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். அவள் எத்தனையோ முறை செய்ததைப் போலவே, தண்ணீர் அலுங்காமல், மெல்ல மேலே தூக்கினார்.